எம்பி3, ஃபிளாக், ஓபஸ்: எதில் சேமிப்பது, எதில் கேட்பது, எந்தக் கருவிக்குச் செலவழிப்பது

டிஜிட்டல் இசையில் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். இயர்போன் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், பிளேயர் கெட்டால் வேறு வாங்கலாம். ஆனால் பாடல்களை இழப்புள்ள ஃபார்மட்டில் (ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாக நீக்கிவிடும் எம்பி3, ஓபஸ் போன்றவற்றில்) சுருக்கிவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் போனது போனதுதான். எனவே ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குவதே சரி. நிரந்தரமாக வைத்திருக்கும் பிரதி ஒன்று, கையோடு எடுத்துச் செல்லும் பிரதி இன்னொன்று. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபார்மட்டைத் தேடுவதால்தான் "எது சிறந்தது?" என்ற விவாதம் முடிவதே இல்லை.

நிரந்தரப் பிரதி

சிடியில் இருப்பது 44.1 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடு), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1411.2 கிலோபிட். 45 நிமிட ஆல்பம் ஒன்றைச் சுருக்காத வேவ் ஃபைலாக வைத்தால் ஏறக்குறைய 476 எம்பி (மெகாபைட்) ஆகும். அதையே, எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபார்மட்டான ஃபிளாக் ஆக்கினால் இசையைப் பொறுத்துப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை வரும். தனி வீணையோ மெல்லிய குரலோ நன்றாகச் சுருங்கும். எல்லாக் கருவிகளும் ஒரே உரத்தில் முழங்கும் பாடல் அவ்வளவாகச் சுருங்காது. ஆப்பிளின் அலாக் ஃபார்மட்டும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

வேவ், ஃபிளாக், அலாக் மூன்றையும் விரித்தால் கிடைக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று துளியும் மாறாது. அப்படியிருக்க, வேவ் கூடுதல் தெளிவாக இருக்கிறது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். பல நேரம் காரணம் எளிது: ஃபிளாக் ஃபைலில் ரீப்ளேகெயின் குறிப்பு (பாடல்களின் உரத்தைச் சமப்படுத்தச் சொல்லும் எண்) இருக்கும், பிளேயர் அதைப் படித்து ஒலியளவைச் சில டெசிபல் குறைத்திருக்கும். குறிப்பு இல்லாத வேவ் முழு உரத்தில் ஒலிக்கும். உரக்க ஒலிப்பது காதுக்கு நன்றாக ஒலிப்பதாகவே படும்.

ஒலியில் வேறுபாடு இல்லை என்றாலும் பராமரிப்பில் இம்மூன்றுக்கும் நிறைய வேறுபாடு உண்டு. வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே இருப்பதால் 4 ஜிபியைத் தாண்டும்போது தகராறு தொடங்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு என்றால் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதுமே அந்த எல்லை வந்துவிடும். பாடகர், ஆல்பம் விவரங்களை வேவில் எழுத எல்லாரும் ஏற்றுக்கொண்ட முறை இல்லை. ஒரு மென்பொருள் எழுதுவதை இன்னொன்று படிக்காது. எல்லாவற்றையும்விட, டிஸ்க் பழசாகி நடுவில் சில பிட்டுகள் கெட்டுப்போனால் வேவ் ஃபைல் அதைச் சொல்லாது. ஃபிளாக்கில் ஒலியின் எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (ஒலியின் சிறு துண்டுக்கும்) தனிச் சரிபார்ப்பும் உண்டு. ஃபிளாக் கருவியின் டெஸ்ட் கட்டளையை மொத்த ஃபோல்டர் மீதும் ஓட்டினால் எந்த ஃபைல் கெட்டிருக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். இதுபோன்ற கையொப்பம் அலாக்கில் கிடையாது. பேக்கப் எடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுப்போன ஃபைல் நல்ல பிரதியின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபிளாக்கின் சுருக்க நிலை 0 முதல் 8 வரை. இயல்பாக இருப்பது 5. எட்டுக்குப் போனால் நேரம் கூடும், இடம் பெரிதாக மிஞ்சாது. எந்த நிலையில் சுருக்கினாலும் பிளேயருக்கு ஏற்படும் வேலைப்பளு ஏறத்தாழ ஒன்றே. இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஐபோனின் மியூசிக் செயலியில் பாடல்களைச் சேர்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் அலாக் தேவை. அந்தச் செயலி ஃபிளாக்கை ஏற்காது. அவர்களும் நிரந்தரப் பிரதியை ஃபிளாக்கிலேயே வைத்துக்கொண்டு அலாக்கை அதிலிருந்து உருவாக்கிக்கொள்ளலாம். இழப்பில்லாத ஒன்றிலிருந்து இழப்பில்லாத இன்னொன்றுக்கு எத்தனை முறை மாற்றினாலும் எதுவும் குறையாது.

சிடியிலிருந்து எடுப்பதாக இருந்தால் கவனம் தேவைப்படும் இடம் வேறு. கணினித் தகவல் எழுதிய சிடியில் ஒவ்வொரு செக்டருக்கும் கூடுதலாக ஒரு பிழைதிருத்த அடுக்கு உண்டு. ஒலி சிடியில் அது இல்லை. கீறல் பட்ட இடத்தில் டிரைவால் படிக்க முடியாமல் போனால், பக்கத்துச் சாம்பிள்களைப் பார்த்து ஊகித்து நிரப்பிவிட்டு அமைதியாக மேலே போய்விடும். அதனால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளைச் செக்யூர் முறையில் வைத்து, டிரைவின் ஆஃப்செட் எண்ணை (படிக்கத் தொடங்கும் இடத்தில் அந்த டிரைவுக்கு உள்ள விலகலை) சரியாகக் கொடுத்து எடுக்க வேண்டும். அதோடு வரும் அக்யூரேட்ரிப் வசதி, உங்கள் பிரதியின் சரிபார்ப்பு எண்ணை அதே சிடியை எடுத்த மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடும். வெவ்வேறு டிரைவுகளில் எடுத்த இரண்டு மூன்று பேரின் எண்ணோடு ஒத்துப்போனால் அந்தத் தடத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் சிடியை மெல்லிய துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பிறகு வேகத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று தோற்ற சிடியை இன்னொன்று எளிதாகப் படிப்பது வழக்கமான விஷயம்.

இணையத்தில் கிடைக்கும் ஃபிளாக் எல்லாம் உண்மையான ஃபிளாக் என்று நம்பிவிடவும் கூடாது. எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், இழந்தது திரும்பாது. ஸ்பெக் போன்ற மென்பொருளில் அலைவரிசைப் படத்தைத் திறந்து பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3-இலிருந்து வந்தது பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருக்கும். 320 என்றால் அந்த வெட்டு 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். பழைய டேப் பதிவுகளில் இயல்பாகவே மேல் அலைகள் குறைவு. ஆனால் அங்கே ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து மறையுமே தவிர நேர்கோடாக வெட்டுப்படாது.

பெரிய எண்கள்

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் ஆல்பங்களுக்குக் கூடுதல் செலவு செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவுசெய்யும். மனிதக் காதின் எல்லை இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ் அளவில், வயதாக ஆகக் குறைந்துகொண்டே வரும். 16 பிட் தரும் ஒலி வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். சாதாரண அறையின் அமைதிக்கும் காது தாங்கும் உச்சத்துக்கும் இடையில் அதற்கு மேல் பெரிதாக இடமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் அவசியம், ஏனென்றால் உச்சத்தில் முறியாமலிருக்க அளவைத் தாழ்த்திப் பதிவுசெய்து, பிறகு பல தடங்களைக் கலந்து உயர்த்துவார்கள். கேட்பவருக்கு அந்தத் தேவை இல்லை.

ஆனாலும் சில 24 பிட் வெளியீடுகள் உண்மையிலேயே மேலாக ஒலிக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் செப்பனிடுவது) வேறாக இருப்பது, உரத்தைப் பிழிந்து ஏற்றாமல் விட்டிருப்பது. அப்படி என்றால் 24/96 போதும். 192-இல் சேரும் கேளா ஒலி சில ஆம்ப்களில் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் கருவிகளில்) கேட்கும் எல்லைக்குள்ளேயே சிதைவை உண்டாக்கும் என்பதால் அது லாபமே இல்லை.

டிஎஸ்டி என்ற இன்னொரு ஒலிப்பதிவு முறை 1999-இல் எஸ்ஏசிடி என்ற உயர்தர டிஸ்க்கோடு வந்தது: ஒரே ஒரு பிட், விநாடிக்கு 28 லட்சத்துக்கு மேற்பட்ட சாம்பிள். 45 நிமிடத்துக்கு 1.9 ஜிபி. ஈக்வலைசர் போட வேண்டும் என்றாலோ டிஜிட்டலாக ஒலியளவைக் குறைக்க வேண்டும் என்றாலோ பிசிஎம் (சிடியில் உள்ள வழக்கமான முறை) ஆக மாற்றியே தீர வேண்டும். வேறெங்கும் கிடைக்காத மாஸ்டர் என்றால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எம்க்யூஏ என்ற சுருக்க முறையின் முத்திரைக்காக எந்தக் கருவிக்கும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அது இழப்புள்ள முறை, அந்த நிறுவனமும் 2023-இல் நொடித்துக் கைமாறியது.

கையோடு எடுத்துச் செல்லும் பிரதி

எம்பி3-இன் பலம் ஒன்றுதான்: அதைப் பாடாத கருவி இல்லை. காப்புரிமை உரிமத் திட்டமும் 2017-இல் முடிந்துவிட்டது. லேம் என்ற எம்பி3 என்கோடரில் (சுருக்கும் மென்பொருளில்) வி2 என்ற தர அமைப்பு சராசரியாக 190 கிலோபிட் வாக்கிலும் வி0 ஏறத்தாழ 245 கிலோபிட்டும் எடுக்கும். பெரும்பாலான காதுகளுக்கு வி2 போதும், வி0 நிம்மதிக்கு. நிலையான 320-இல் தவறொன்றுமில்லை, இடம்தான் வீண். எம்பி3-இன் பலவீனம் கூரான தாள ஓசையிலும் கைத்தட்டலிலும் தெரியும். 1152 சாம்பிள் கொண்ட ஃபிரேமாக ஒலியை வெட்டிச் சுருக்குவதால், அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மங்கலான இரைச்சல் பரவும். பிட்ரேட்டை (விநாடிக்கான கிலோபிட்டை) எவ்வளவு உயர்த்தினாலும் சில இடங்களில் இது முழுதாகப் போகாது.

எம்பி3-க்குப் பின் வந்த ஏஏசி ஃபார்மட் இதை இன்னும் நன்றாகச் சமாளிக்கும். 256 கிலோபிட்டில் வைத்தால் போதும். 2012-இல் தரமாக்கப்பட்ட ஓபஸ் இவற்றைவிடத் திறமையானது. 128 கிலோபிட் ஓபஸை மூலத்திலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். 45 நிமிட ஆல்பம் ஏறக்குறைய 43 எம்பியில் அடங்கும். ஃபிளாக்கில் 280 எம்பி என்று வைத்துக்கொண்டால், 450 ஆல்பம் கொள்ளும் 128 ஜிபி கார்டில் ஓபஸாக 2900 ஆல்பம் வரை வைக்கலாம். ஓபஸ் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளும் என்பதைக் கண்டு சிலர் தயங்குவதுண்டு. அதனால் காதுக்கு எந்தக் கேடும் இல்லை. உண்மையான சிக்கல் கருவிகளில்தான். கார் ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓபஸ் தெரியாது. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ஓபஸ் பின்னொட்டுள்ள ஃபைல் பட்டியலிலேயே வராமல் போகலாம். பின்னொட்டை ஓஜிஜி என்று மாற்றினால் பாடிவிடும். ஓபஸுக்கு முந்தைய வோர்பிஸ் ஃபார்மட்டில் ஏற்கெனவே தொகுப்பு வைத்திருப்பவர்கள் அப்படியே தொடரலாம், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதில் ஈர்ப்பு எதுவும் இல்லை.

இழப்புள்ள ஒன்றிலிருந்து இழப்புள்ள இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். கையில் எம்பி3 மட்டுமே இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஓபஸ் ஆக்கினால் இரண்டு சுருக்கங்களின் பிழையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்.

நேரடிக் கச்சேரிப் பதிவு கேட்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எம்பி3 என்கோடர் ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிதளவு வெற்றொலியைச் சேர்க்கும். லேம் அதன் அளவைத் தலைப்பகுதியில் குறித்துவைக்கும், ஆனால் எல்லாப் பிளேயரும் அதைப் படிப்பதில்லை. படிக்காவிட்டால் ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கரவொலி நடுவே ஒரு விக்கல் கேட்கும். ஃபிளாக்கில் இந்தச் சேர்க்கையே கிடையாது. ஓபஸில் வெட்ட வேண்டிய அளவைக் குறிப்பது ஃபார்மட்டின் விதியிலேயே இருக்கிறது.

எந்த பிட்ரேட் உங்கள் காதுக்குப் போதும் என்பதை விவாதித்துத் தீர்க்க வேண்டாம். ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் சேர்க்கை உண்டு. மூலத்தையும் சுருக்கியதையும் ஒலியளவு சமமாக்கிக் கொடுத்தால், எது எது என்று மறைத்துவைத்து உங்களிடம் கேட்கும். 16 முறை முயன்று 12 சரியாக வந்தால், அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. எட்டு ஒன்பதில் நின்றால் அந்த பிட்ரேட் உங்களுக்குப் போதும்.

புளூடூத்தில் கேட்பவர்களுக்கு

புளூடூத்தில் என்ன ஃபைல் பாடினாலும் போன் அதை விரித்து, அறிவிப்பு ஒலிகளோடு கலந்து, மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். ஏஏசி ஃபைலை ஏஏசி இணைப்பில் அனுப்பினாலும் வழக்கமாக இதே கதைதான். இந்தச் சுருக்கத்துக்குப் பல முறைகள் உண்டு: எல்லாக் கருவியிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி உயர்தர அமைப்பில் 328 கிலோபிட், ஏபிடிஎக்ஸ் 352. எல்டாக் 330, 660, 990 என்று மூன்று படிகளில் ஓடும். தானியங்கி நிலையில் விட்டால் கூட்டமான இடத்தில் தானாகக் கீழே இறங்கிவிடும். 990-இலேயே கட்டிப்போட்டால் சட்டைப்பையில் போனை வைத்தவுடன் ஒலி விட்டுவிட்டு வரும். 660 நடைமுறைக்கு ஏற்றது.

ஐபோன் அனுப்புவது எஸ்பிசியும் ஏஏசியும் மட்டுமே. எனவே ஐபோனுக்கென்று எல்டாக் ஹெட்போன் தேடுவதில் பயன் இல்லை. ஆண்ட்ராய்டில் ஏஏசியின் தரம் போனுக்குப் போன் மாறும். அங்கே ஏபிடிஎக்ஸோ எல்டாக்கோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இப்படிக் கேட்பவரின் கார்டில் 24/96 ஃபிளாக் இருப்பது இடத்தை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

கம்பியில் கேட்பவர்களுக்கு

செலவின் பெரும்பங்கு ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ போக வேண்டும். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையே சில அலைவரிசைகளில் 10 டெசிபல் வேறுபாடுகூட இருக்கும். ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டாக் சில்லுகளுக்கு (டிஜிட்டல் எண்களை மின்னலையாக மாற்றுபவை) இடையே உள்ள வேறுபாட்டை அளவுகருவிதான் சொல்லும். பிறகு வரும் கேள்வி: தேர்ந்தெடுத்த ஹெட்போனை இயக்க எவ்வளவு மின்னழுத்தம் தேவை? இதற்குக் கணக்கு இருக்கிறது.

300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்று போட்டிருக்கும் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். 1 வோல்ட் கொடுத்தால் 1000-ஐ 300-ஆல் வகுத்து 3.3 மில்லிவாட். அது 5 டெசிபல் கூட்டும், ஆக 102. இசையின் உச்சங்களுக்கு 110 வரை இடம் வேண்டும் என்றால் இன்னும் 8 டெசிபல், அதாவது 2.5 வோல்ட் தேவை. போனில் செருகும் சிறிய டாங்கிள்கள் பல 1 வோல்ட்தான் தரும். ஆக இதற்குத் தனி ஆம்ப் வேண்டும். 32 ஓம், 105 டெசிபல் இயர்போன் என்றால் அதே 1 வோல்ட்டில் 120 டெசிபல் வந்துவிடும். இங்கே பலமான ஆம்ப் வாங்கினால் பின்னணி இரைச்சல் கேட்கும், வால்யூமை ஒரு படி நகர்த்தினாலே அதிகமாகிவிடும். விவரத்தாளில் டெசிபல் எண்ணைப் பார்க்கும்போது அது மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்று உறுதிசெய்யுங்கள். 32 ஓமில் இந்த இரண்டுக்கும் 15 டெசிபல் வேறுபாடு.

ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு (ஓமில் அளக்கும் மின்தடை) ஹெட்போன் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி: 16 ஓமுக்கு 2 ஓம். பல டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) கொண்ட இயர்போனில் மின்மறுப்பு ஓர் அலைவரிசையில் 16 ஓமாகவும் இன்னொன்றில் 5 ஓமாகவும் இருக்கலாம். அதை 10 ஓம் வெளியீட்டில் செருகினால் அந்த இரண்டு அலைவரிசைகளுக்கு இடையே 5 டெசிபலுக்கு மேல் விலகல் வரும். "இந்தப் பிளேயர் இனிமையாக ஒலிக்கிறது" என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இதுதான்.

தனி மியூசிக் பிளேயரா, போனும் டாங்கிளுமா என்றால் பெரும்பாலோருக்கு இரண்டாவதே போதும். ஆண்ட்ராய்டு எல்லாவற்றையும் வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்பும். அது உறுத்தினால் தன் சொந்த யுஎஸ்பி டிரைவர் கொண்ட பிளேயர் செயலியைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் வாசாபி எக்ஸ்குளூசிவ் முறை இதே வேலையைச் செய்யும். தனிப் பிளேயர் வாங்க நியாயமான காரணங்கள்: கார்டு இடம், நிஜப் பொத்தான்கள், அழைப்பு குறுக்கிடாமை, 2 வோல்ட்டுக்கு மேலான வெளியீடு. அதில் முதலில் சாவது பேட்டரி. பேட்டரி மாற்ற முடியுமா என்று வாங்கும் முன் விசாரியுங்கள்.

மேசையில் யுஎஸ்பி டாக்கும் மின்சார ஸ்பீக்கரும் இணைத்தபின், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிறீச்சென்ற ஒலி வந்தால் டாக் கெட்டுப்போகவில்லை. கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே எர்த் வளையம் (எர்த் கம்பிகள் வழியே தேவையற்ற மின்னோட்டம் சுற்றுவது) உருவாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். அதில் மின்தொடர்பே இல்லை. ஆப்டிகலில் 24/96 வரை நம்பிக்கையாக ஓடும், 192 சில கருவிகளில் தடுமாறும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் டாக் பலகை பொருத்தி வோலுமியோ போன்ற இசை மென்பொருளை ஏற்றுவது மலிவான நெட்வொர்க் பிளேயருக்கு நல்ல வழி. அதில் இரண்டு இடங்களில் அடிபடும். ஒன்று, மெலிந்த சார்ஜர் கேபிளால் மின்னழுத்தம் சரிந்து ஒலி திக்குவது. இன்னொன்று, முறையாக அணைக்காமல் மின்சாரத்தைப் பிடுங்குவதால் மெமரி கார்டு கெடுவது. பாடல்களைத் தனி டிஸ்க்கில் வைத்து, இயங்குதளக் கார்டின் நகல் ஒன்றை எடுத்துவைத்தால் பாதிக் கவலை தீரும்.

வாங்கும் முன் ஒரு சோதனைக் கார்டு

எந்தப் பிளேயரையும் கார் ஸ்டீரியோவையும் விவரத்தாளை நம்பி எடுக்காதீர்கள். ஒரு மெமரி கார்டைத் தயார்செய்து கொண்டுபோங்கள். கார் ஸ்டீரியோவுக்கு அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வரும், பழைய ஸ்டீரியோக்கள் அதைப் படிக்காது. கார்டில் ஒரு 24/96 ஃபிளாக், ஒரு ஓபஸ், இடைவெளியில்லாமல் தொடரும் இரண்டு கச்சேரித் தடங்கள் இருக்கட்டும். பெரிய அட்டைப்படம் பதித்த ஆல்பம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோகிரசிவ் ஜேபெக் படம் என்றால் சில பிளேயர்கள் வெற்றுச் சதுரத்தையே காட்டும்.

கடைசியாக, தலைப்பும் பாடகர் பெயரும் தமிழில் எழுதிய எம்பி3 ஒன்று. ஐடி3 (எம்பி3-இல் பாடல் விவரம் எழுதும் முறை) பதிப்பு 2.3, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-16 என்று வைத்து எழுதினால் அதிகக் கருவிகளில் படியும். பதிப்பு 1-இல் தமிழுக்கு இடமே இல்லை, வெறும் கேள்விக்குறிகளாக வரும். கட்டங்களாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்து வந்து, "கொ" என்பதில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நின்றால், எழுத்துரு இருந்தும் அதைக் கோத்துக்காட்டும் வசதி அதன் மென்பொருளில் இல்லை. நிறுவனம் புது ஃபர்ம்வேர் தராதவரை அது மாறாது. அந்தக் கருவிதான் வேண்டும் என்றால், அதற்கு ஏற்றும் பிரதியில் மட்டும் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொண்டு, ஃபிளாக் மூலத்தில் தமிழை அப்படியே விட்டுவைக்கலாம்.